இரண்டாம் நிமிடத்து முகடு

கண்ணாடிக் குப்பிக்கு மூடி அழுத்துவதில் எனக்கு இணை இல்லை என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வார்கள். இருபது வருடம் அழுத்தியிருக்கிறேன், ஐயா. எந்த மூடி கசியும், எது கசியாது என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

யுன்லின் கடற்கரையில், பிளாஸ்டிக் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறோம். ஆலையிலிருந்து கசியும் வினைல் குளோரைடு கலந்திருந்தால் சோதனை இயந்திரத்தின் திரையில் ஓடும் கோடு இரண்டாவது நிமிடத்தில் முகடாக எழும். ஈரலை அரிக்கும் நஞ்சு அது. மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் ஆவியாகிப் போய்விடும், முகடும் வராது.

எட்டு வருடத்துக்கு முன்னால், என்னோடு வேலை பார்க்கும் ஷு-யுன் தன் அப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். "இதுல ஏதாச்சும் இருந்துச்சுன்னா அப்பாவக் கூட்டிட்டு ஊரை விட்டே தைனான் நகரத்துக்குப் போயிடுவேன், செங் அண்ணே. ஒரு நாள் இங்க இருக்க மாட்டேன்," என்றாள்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது முகடு வந்தது. நன்றாக உயர்ந்து வந்தது. பதிவை அழித்தேன். அதே தண்ணீரை வேறு குப்பியில் ஊற்றி, மூடியை அரைகுறையாக அழுத்தி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்தேன். அடுத்த முறை கோடு தட்டையாக ஓடியது. அவள் பயந்துவிடக் கூடாதே என்றுதான்.

அவள் லேசில் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருக்கிறது, எங்கள் கிணற்றில் மட்டும் எப்படி இல்லை என்று இயந்திரத்தோடு மல்லுக்கட்டினாள். ஊசியைக் கழுவினாள், ரப்பர் அடைப்பை மாற்றினாள், உள்ளே சுடர் எரிகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மூடி அழுத்தியவன் நான். கடைசியில் இயந்திரத்தின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். இயந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க அந்தச் சோளத் தின்பண்டத்தை நாங்கள் எல்லோருமே வைப்போம், படித்தவர்களும்தான்.

"போன மாசமே காலாவதி. அதான் கோவிச்சுக்கிட்டிருக்கு," என்று சிரித்தாள்.

"புதுசையாவது நீ தின்னுடாம வை," என்றேன்.

புதுப் பொட்டலம் வைத்தாள். கோடு எழவில்லை. "இதுக்கப்புறமும் வரலேன்னா நெஜமாவே நல்ல தண்ணிதான் அண்ணே," என்று அங்கேயே அப்பாவுக்குப் போன் செய்தாள். அதன்பின் வருடா வருடம் சோதித்தாள். வருடா வருடம் நானே மூடி அழுத்தினேன்.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா லியாவ் மாமா தேநீர் ஊற்றினார். வயிறு சரியில்லை என்றேன். "லேப்புலயே உக்காந்து வயித்தக் கெடுத்துக்கிட்டியா? எம் பொண்ணு சோதிச்ச தண்ணிப்பா, தைரியமாக் குடி," என்று கேலி செய்தார். நான் குடிக்கவில்லை.

போன மாதம் ஈரல் புற்றுநோயில் இறந்துபோனார். அதிலிருந்து, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரைச் செலுத்தினாலும் இரண்டாவது நிமிடத்தில் முகடு எழுகிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால் கோடு தட்டையாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஷு-யுன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். சொன்னால் ஊரை விட்டுப் போய்விடுவாள்.