இல்லாத முப்பத்துநான்கு கிராம்

பெயர்: சந்தியோகு லூசியா. வயது: 46. தொழில்: மீன் வியாபாரம். முகவரி: தோட்டவெளி, மன்னார்.

என் தம்பி மனைவி றஞ்சிதத்தின் தகப்பன் சிங்கராசா பொலிசில் கொடுத்த முறைப்பாடு தொடர்பாக விசாரிக்கப்படுகிறேன். தம்பி பேதுரு நீர்கொழும்பில் படகுத் தொழிலில் நின்றபடியால், றஞ்சிதமும் அவளின் ஒரு மாதப் பெண் குழந்தையும் என்னுடன் இருந்தார்கள். அவளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் குழந்தை 3350 கிராம் என்றார்கள். வெள்ளிக்கிழமை குழந்தை ஓயாமல் கத்தியது. நான் அதைத் துணியில் சுற்றி மீன் நிறுக்கும் தராசில் கொளுவினேன். அந்தத் தராசில் நூறு கிராமுக்கு ஒரு கோடுதான். முள் 3.4 கிலோவில் நின்றது. அதன் பின் துணியை மட்டும் அலியார் கடை டிஜிட்டல் தராசில் வைக்க 84 கிராம் காட்டியது. அதைப் போனில் கழிக்க 3316 வந்தது. மூன்று நாளில் முப்பத்துநான்கு கிராம் குறைவு! "பாலில்லாத சனியன், பிள்ளையைப் பட்டினி போட்டே கொல்லப் பார்க்கிறாய்?" என்று ஏசினேன்.

அதன் பின் அவளின் உடுப்புப் பையை வெளியே எறிந்து, வங்காலையிலுள்ள தகப்பன் வீட்டுக்குத் துரத்திவிட்டு, குழந்தையை என்னிடமே வைத்துக்கொண்டு போத்தலில் மாப்பால் கொடுத்தேன். மறுநாள் அவள் படலையில் வந்து நின்று, "மச்சாள், ஒருக்காப் பிள்ளையைத் தாங்கோ, பால் கட்டி நெஞ்சு நோகுது" என்று கெஞ்சினாள். நடிப்பு என்றே எடுத்தேன். "கட்டினால் பிழிஞ்சு மண்ணில ஊத்து" என்று சொல்லிப் படலையைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாயை ஏன் பிரித்தீர்கள் என்று டொக்டர் கேட்க, முப்பத்துநான்கு கிராம் கணக்கைச் சொன்னேன்.

"உங்கட தராசு நூறு கிராமுக்குக் கீழ ஒண்டும் சொல்லாது அம்மா. அதில எண்பத்துநாலைக் கழிச்சால் மூண்டு தசம் மூண்டு கிலோ எண்டு மட்டும்தான் சொல்லலாம். போனில கடைசியா வந்த அந்தப் பதினாறு கிராமை நீங்களாத்தான் உண்டாக்கினீங்கள். பிள்ளை மெலிஞ்சதோ கொழுத்ததோ உங்களுக்குத் தெரியாது" என்றார்.

செவ்வாய் விடியக் குழந்தை இறந்தது. அதன் பின் பேதுருவுக்குப் போன் எடுத்து, தாய்க்குப் பாலில்லாமல்தான் பிள்ளை செத்தது என்றேன். டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

பின்னேரம் பிரேதத்தை றஞ்சிதத்தின் மடியில் வைத்தார்கள். அவளின் சட்டை இரண்டு பக்கமும் நனைந்து, பால் பிள்ளையின் முகத்தில் சொட்டியது. "கெதியாய் ஒரு போர்வையை எடுத்து அவளை மூடுங்கோ, பேதுரு வாறான்" என்று பக்கத்தில் இருந்த பெண்களிடம் நான்தான் சொன்னேன்.

இதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, திருத்த ஒன்றுமில்லை.

ஒப்பம்: ச. லூசியா