சொக்கன் தின்ற முதல் துண்டு

தலைமைப் பொறுப்பையும் இரத்தக் கொதிப்பையும் ஒருங்கே தாங்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் மெஹபூப் பாஷா அவர்களே! பெசன்ட் நகர் கடற்கரையில் அன்றாடம் நடந்தும் அணுவளவும் இளைக்காத ஆன்றோர்களே! அவர்களை நம்பி வெளியே அனுப்பும் தாய்மார்களே! வணக்கம்.

நான் பேச வந்தது காதலைப் பற்றியா? வீரத்தைப் பற்றியா? இல்லை. சைலிட்டாலைப் பற்றி! மரநாரில் மறைந்திருக்கும் சர்க்கரையை மாற்றிச் செய்த வெண்பொடி. நாவுக்கு இனிப்பு, நம் போன்ற நீரிழிவுக்காரர்களுக்கு நிம்மதி. நாய்க்கோ, இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் நஞ்சு! ஐயா, இது கைதட்டும் இடமில்லை.

நம் நடைப்பயிற்சிச் சங்கத்தில் பிறந்தநாள் கேக்கின் முதல் துண்டு மூத்தவருக்கு. மூத்தவர் யார்? வயதிலா, பதவியிலா, பென்ஷனிலா? வழக்குத் தீரவில்லை. ஆகவே முதல் துண்டு கடற்கரை நாய் சொக்கனுக்கே என்று தீர்மானித்தோம். நம் சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

போன மாதம், நம்மோடு நடக்கும் ஈவ்லின் டீச்சர் நமக்காகவே சைலிட்டால் போட்டு கேக் செய்து வந்தார். சொக்கன் தின்றான். சற்று நேரத்தில் தள்ளாடினான், நடுங்கினான், மணலில் சாய்ந்தான்.

"இன்னா நைனா, நாய்க்கு இன்னா ஆச்சு?" என்று மீன் விற்கும் அன்புச்செல்வி ஓடிவந்தார்.

"அட, இது லோ சுகர்! எனக்கு வர்ற மாதிரியே இருக்கு!" என்றார் நம் தலைவர்.

"யார்கிட்டயாவது இனிப்பு இருக்கா?" என்று கதறினார் டீச்சர்.

சட்டைப் பைகள் திறந்தன. தேன் வந்தது, வெல்லம் வந்தது, தலைவரிடமிருந்து ஜாங்கிரியே வந்தது! தாய்மார்கள் அமைதி காக்கவும், விசாரணையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஈறில் தேனைத் தடவி, ஆட்டோவில் போட்டு, அடையாறு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார். "பொழைச்சா உங்க அதிர்ஷ்டம். யாரோட நாய் இது?" என்றார். தெருநாய் என்று யாராவது சொன்னோமா? "எங்க நாய்" என்றோம், அத்தனை பேரும்.

மறுநாள் சொக்கன் எழுந்து நின்றான். எங்கள் கண்ணில் மணல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குள் மணல் ஏது என்று கேட்காதீர்கள்.

ஆனால் அன்றோடு டீச்சர் கடற்கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "என் கையால விஷம் வெச்சேனே" என்கிறார். வற்புறுத்தியதால் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

டீச்சர்! நீங்கள் வைத்தது விஷமா? இல்லை! அன்பு! அன்பு மட்டும் போதுமா? போதாது! அந்த உயிருக்கு எது ஆகும் என்று கேட்டறியவும் வேண்டும். நீங்கள் மட்டுமா கேட்கவில்லை? நாங்கள் யாருமே கேட்கவில்லையே!

சற்றே குனிந்து பாருங்கள். இத்தனை கால்கள் இருக்கும் இந்த மண்டபத்தில் சொக்கன் யார் காலடியில் படுத்திருக்கிறான்? அவன் உங்களை மன்னிக்கவில்லை டீச்சர், மன்னிக்க ஏதோ இருந்ததென்றே அவனுக்குத் தெரியாது. நாளைக் காலை நடக்க வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும், வாலாட்டிக் கேட்ட ஒருவனுக்கும் நன்றி, வணக்கம்!