மூணாவது வாட்டி

சாயங்காலம் நாலரை மணி. மரக்காணம் போற ரோடு. ரெண்டு பக்கமும் உப்பளம்... ஒரு மரம் கெடையாது, ஒரு லைட்டு கெடையாது. அந்த ரோட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு டிவிஎஸ் ஃபிப்டில போய்க்கினு இருக்காங்க.

ஏய் ஆஷ்லின், செல்போன் லைட்ட அணைடி. மழ தூறுனா நம்ம ஹாஸ்டல்ல கரண்ட் போறது என்ன புதுசா? லூசியா, நீ பயந்தாங்கொள்ளி, இப்பவே போர்வைக்குள்ள பூந்துக்கோ. நடுவுல கத்தக்கூடாது, சொல்லிட்டேன்.

இது கட்டுக்கத இல்ல. திண்டிவனத்துல என்கூட படிச்சா வெண்ணிலான்னு ஒருத்தி... அவ தாய்மாமனுக்கு நடந்தது. அண்ணன் பேரு ஆனந்தராஜ். தம்பி பாண்டுரங்கன். தொண்ணூத்தெட்டுல. திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்ட, அதான் வேர்க்கடல, போடுற குடும்பம், கடலுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே கெடையாது. ஆனா தம்பிக்காரனுக்குத் தூண்டில்னா உசுரு. வேல இல்லாத நாள்ல அண்ணன இழுத்துக்கினு கடக்கரைக்குப் பூடுவான். தை மாசம் அவனுக்குக் கல்யாணம் வேற. அதுக்கப்பறம் யாரு விடுவா, இப்பவே புடிச்சிக்கிறேன்னு சொல்லிச் சிரிப்பானாம்.

கரையில நின்னுதான் தூண்டி போடுவாங்க. தூண்டி நரம்பு ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்னு கூப்புடு தூரத்துல தள்ளி நிப்பாங்க. தம்பி நரம்ப கையில சுத்திக்குவான். “கையில சுத்தாதடா, பெருசு மாட்டுனா உன்னயே இழுத்துக்கினு பூடும்”னு அண்ணன் திட்டுவாரு. கேட்டாத்தான?

அன்னைக்கு இருட்டுறதுக்குள்ள கடல் பக்கத்துலேர்ந்து மேகம் ஏறிக்கினு வந்துது. மொதல்ல காத்து நின்னுபோச்சு... அப்பறம் சில்லுன்னு ஒரு காத்து. ஒரு மின்னல். தண்ணி பூரா வெள்ளையாத் தெரிஞ்சி அணைஞ்சிது.

“டேய் பாண்டு, வாடா போலாம்!”

“ஏதோ பெருசு புடிச்சிருக்குண்ணா... நீ போ, தோ வர்றேன்!”

அண்ணன் கரை மேட்டுல இருந்த ஓலக் கொட்டாய்க்கு ஓடிட்டாரு. மீனவங்க வல போட்டு வச்சிருக்கற கொட்டா. உள்ள ஈர வல நாத்தம், கருவாட்டு நாத்தம். வெளிய மழ கொட்டுது. இடின்னா இடி, காது அடச்சிபோச்சு. அர்ஜுனா அர்ஜுனான்னு சொல்லிக்கினு குந்திக்கினு இருக்காரு.

அப்ப கேட்டுது.

“அண்ணோவ்...”

எழுந்துட்டாரு. வாயத் தொறந்து “என்னாடா”ன்னு கேக்கப் போனவரு... நின்னுட்டாரு. ஏன்னா அந்தக் கொரல் கரையிலேர்ந்து வரல. கடலுக்குள்ளேர்ந்து வந்துது. தம்பியத்தான் மணல்ல விட்டுட்டு வந்தாரே?

அவங்க அம்மா கோவிந்தம்மாள் சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. இருட்டுல வெளியேர்ந்து யாரு கூப்ட்டாலும் ஒடனே ஏன்னு கேக்காத. மூணாவது வாட்டி கூப்ட்டாத்தான் மனுசன். பேய் ரெண்டு வாட்டிக்கு மேல கூப்டாது. நம்ம வீட்லயும் சொல்லுவாங்க இல்ல? அதேதான்.

“அண்ணோவ்...”

ரெண்டாவது வாட்டி. அவரு வாயக் கையால பொத்திக்கினாரு. மூணாவது வாட்டி கூப்டட்டும், ஓடிடலாம்... கூப்டட்டும்... கூப்டட்டும்...

மழச் சத்தம் மட்டும்தான்.

மழ விட்டு டார்ச் எடுத்துக்கினு போனா, மணல்ல தம்பியோட செருப்பு. பக்கத்துல ஒரு குச்சில நரம்போட முனை கட்டியிருக்கு. மீதி நரம்பு கடலுக்குள்ள போவுது... வெறப்பா. இழுத்தாரு. இழுக்க இழுக்கக் கனமா வந்துது. மீன் வரலடி. தம்பிதான் வந்தான். கையில சுத்துன நரம்பு எலும்பு வரைக்கும் அறுத்திருந்துதாம்.

ரெண்டு வாட்டி கொரல் கேட்டுதுன்னு ஓடி வந்த மீனவங்ககிட்ட மட்டும் அழுதுக்கினே சொன்னாரு. “ரெண்டு வாட்டி கூப்டத்தான் முடிஞ்சிருக்கும்ப்பா. அப்பறம் வாயில தண்ணி”ன்னு மீனவரு ஒருத்தரு சொன்னாராம். ஆறுதலாத்தான் சொன்னாரு பாவம். அந்த வார்த்த அவர உள்ளயே தின்னுடிச்சி.

அம்மா கேட்டாங்க, “புள்ள கூப்டலயாடா?”ன்னு. “இடி சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா”ன்னுட்டாரு. நீ சொன்னதாலதாம்மா நான் போவலன்னு பெத்தவகிட்ட எப்படிச் சொல்றது?

அதுக்கப்பறம் அவரு கல்யாணமே கட்டிக்கல. இடி இடிச்சா வாசப் பக்கம் கொரல் கேக்கும். “அண்ணோவ்”... ரெண்டே வாட்டி. கடல் எங்க இருக்கு, திண்டிவனம் எங்க இருக்கு? எல்லாம் நம்ம மனசு பண்ற வேலைன்னு தலகாணிய அமுக்கிக்கினு படுத்துக்குவாரு.

பல வருசம் கழிச்சி ஒரு ஐப்பசி மழ. கொரல் வந்துது. இருட்டுல அம்மா மெதுவா சொன்னாங்களாம்...

“ஆனந்தா, தம்பி கூப்புடுறாண்டா.”

இவரு கதவத் தொறக்க எழுந்தாரு. அம்மா கையப் புடிச்சி இழுத்து உக்கார வச்சாங்க.

“அறிவிருக்கா ஒனக்கு? ரெண்டு வாட்டிதான் கூப்ட்டிருக்கு. ஒவ்வொரு மழைக்கும் நானும் காது குடுத்துக்கினுதான் கெடக்கறேன். நெஜமா எம்புள்ளையா இருந்தா மூணாவது வாட்டி கூப்புடுவான். அப்ப தொறக்கலாம்.”

அவரால சொல்ல முடியலடி. அவனால மூணாவது வாட்டி கூப்ட முடியாதும்மான்னு... ஒரு வார்த்த. அழுதுக்கினே உக்காந்திருந்தாராம். ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு பேரும் கதவப் பாத்துக்கினே இருப்பாங்களாம். சாவுற வரைக்கும் அந்தம்மா காத்துக்கினுதான் இருந்துச்சி.

கேக்கறதுக்கே வயிறு எரியுது இல்ல? இரு, கத இன்னும் முடியல.

அந்தம்மா கருமாதிக்கு வெண்ணிலாவும் அவ அம்மாவும் போயிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி இடி மழ. எல்லாரும் ஒரே கூடத்துல படுத்திருக்காங்க. வெண்ணிலா முழிச்சிக்கினுதான் இருந்தாளாம்.

“அண்ணோவ்...”

மாமா எழுந்து உக்காந்தாரு.

“அண்ணோவ்...”

கதவையே பாத்துக்கினு இருந்தாரு. இவ போர்வைய இழுத்து மூடிக்கினா. குப்புன்னு கருவாட்டு நாத்தம்... அப்பறம் மழச் சத்தமே நின்ன மாதிரி ஆயி... மூணாவது வாட்டி கூப்ட்டுது.

“ஆனந்தா...”

தம்பி கொரல் இல்ல. அம்மா கொரல்.

மாமா ரொம்ப சந்தோசமா, “தோ வர்றேம்மா”ன்னாராம். தாப்பா எடுக்குற சத்தம் அவளுக்கு நல்லாக் கேட்டுது.

காலைல எழுந்து பாத்தா மாமா இல்ல. பாய்ல ஈர மணல். கதவு சாத்தியிருந்துது... தாப்பா உள்பக்கமாப் போட்டபடியே இருந்துதாம்.