ஆவுடைக் கண்

முன்னொரு காலத்தில், ரயில் வண்டியின் கூவல் இன்னும் எட்டாத ஒரு தேரிக்காட்டின் ஓரத்தில், கருக்குவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம். செம்மணல் ஊர். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், கண் இமைப்பதற்குள் குடித்து முடித்துவிட்டு, 'எங்கே கொட்டினாய்?' என்று கேட்கும் மண். அந்த ஊரில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி வாழ்ந்தாள். ஊரார் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆவுடைக்கு எதையும் அப்படியே நம்பிப் பழக்கம் இல்லை. பால்காரி செம்பைச் சாய்த்தால் பாலைப் பார்க்க மாட்டாள். பால்காரியின் முகத்தைப் பார்ப்பாள். உறவுக்காரர் பலகாரத்தோடு வந்தால் வாங்கி வைத்துவிட்டு, "இப்ப என்னத்துக்காம்?" என்று கணவன் பிரமநாயகத்தின் காதைக் கடிப்பாள். கிணற்றடியில் பானையை மாற்றிவிடுவார்கள் என்று, தன் வீட்டுப் பானை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஆணியால் ஒரு பிறை கீறி வைத்திருப்பாள். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே! அவள் பானை ஒருநாளும் மாறியதில்லை.

அவள் வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சங்கன்று நின்றது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். மண் குடித்தது, கன்று குடிக்கவில்லை. இலை சுருண்டது, குச்சி காய்ந்தது, ஒருநாள் பிடுங்கினால் கையோடு வந்தது. "எவ கண்ணு பட்டுச்சோ" என்றாள் ஆவுடை. யார் கண் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தார்களாம். உப்பு வண்டி ஓட்டுகிறவன் ஒருவனும் அவன் மனைவி பூரணத்தாயும். அவன் வண்டியோடு போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். எந்த ஊர் என்று கேட்டால் "வடக்கே" என்பாள் பூரணம். வடக்கே என்றால் வடக்கே எங்கே? அதற்குமேல் பேச்சில்லை. பிள்ளையும் இல்லை, வந்து போகிற உறவும் இல்லை.

அவர்கள் வீட்டுப் பின்புறம் முள்ளும் குப்பையும் மண்டிக் கிடந்த இடம். நடுவில் ஒரே ஒரு வேம்பு. ஊரார் நினைத்தார்களாம், இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று. பூரணம் முள்ளை வெட்டினாள். ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த ஓடு, ஓட்டாஞ்சில்லு, வாய் போன பானை என்று கூடை கூடையாகச் சுமந்து வந்தாள். சில்லைப் பரப்பி, உலக்கையால் இடித்து, வீட்டு வாசற்படியிலிருந்து வேம்புவரை பாதை போட்டாள். புருஷன் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சிப்பியை அதன் இரு ஓரமும் பதித்தாள். காற்றில் விழுந்த பனைத் தடி ஒன்றை இரண்டாகப் பிளந்து, மரத்தடியில் கிடத்தி, உட்கார இடம் செய்தாள். பழைய ஓலையை வேய்ந்து பந்தல் போட்டு, அதில் பீர்க்கங்கொடியை ஏற்றினாள். வேலிக்கு வேலி கையேந்தி நின்று நந்தியாவட்டைக் கம்பும் முருங்கைக் கம்பும் வாங்கி நட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு வாய்க்கால் கீறி வாழைக்குத் திருப்பினாள். காய்ந்த சருகை எரிக்காமல் செடியின் காலடியில் மெத்தைபோலப் பரப்பினாள்.

கோடை வந்தது. ஊரெல்லாம் காய்ந்தது. அவள் கொல்லை மட்டும் பச்சை பிடித்து நின்றது.

"ஒரு சல்லி செலவில்லாம இம்புட்டு லெட்சணமா?" என்றாள் ஆவுடை. "இதுல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு? அவ பாடுபடுதா, விளையுது" என்றார் பிரமநாயகம்.

"நான் படலையா பாடு? என் எலுமிச்சை எங்க போச்சு?"

பிரமநாயகம் வெற்றிலையை மென்றார். மென்றால் பேச வேண்டியதில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவே பனையோலை வேலி. ஆவுடை அதில் ஒரு விரலை நுழைத்து, ஓலையை விலக்கி, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். என்ன பார்த்தாள்? உச்சிவேளை. காக்கைகூடக் கரையாத வெயில். பேய் நடமாடும் என்று பெண்கள் வாசல் தாண்டாத நேரம். அந்த நேரத்தில் பூரணம் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். குழிக்குள் ஒரு பானையை இறக்கினாள். கழுத்து மட்டும் தெரிய மண்ணை மூடினாள். எதையோ ஊற்றினாள். வாயைச் சிரட்டையால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்தாள். உதடு அசைந்தது. பக்கத்திலேயே ஒரு செடியை நட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆவுடை ஓலையிலிருந்து விரலை உருவிக்கொண்டாள். பானை புதைக்கிறவர்கள் எதற்குப் புதைப்பார்கள்? ஒரு குடும்பத்தைக் கெடுக்கச் செய்வினை வைப்பார்கள், வேறு எதற்கு? மறுநாளும் பார்த்தாள். மறுநாளும் பானை. பார்க்கப் பார்க்க ஓலையில் ஓட்டை பெரிதானது. ஒரு கண் போக இடமிருந்த இடத்தில் ஒரு கை போக இடம் வந்தது.

இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஆவுடை பொறாமையால்தான் இதையெல்லாம் செய்தாள் என்று சிலர் கதை சொல்வார்கள். அது பிழை. அவளுடைய ஒரே மகள் வடிவு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் பானை புதைத்தால் எந்தத் தாய்தான் தூங்குவாள்? பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கிணற்றடியில் ஆவுடை வாய் திறந்தாள். "குப்பைமேட்டுச் சில்லுன்னா நினைக்கிய? சுடுகாட்டுல கொள்ளிக்குடம் உடைச்ச சில்லா இருந்தா?"

"ஆத்தாடி! அப்படியும் இருக்குமோ?"

"இருக்கும்னு நான் சொல்லலை. இருந்தா?"

அந்த 'இருந்தா' போதுமாக இருந்தது. அது குடத்தோடு குடமாக வீடுவீடாகப் போயிற்றாம். ஒருத்தி வீட்டில் பசு பால் மறுத்தது, பூரணம். ஒருவனுக்குக் காய்ச்சல், பூரணம். ஒருவருடைய கோழி காணாமல் போனது, அது கீரிப்பிள்ளையின் வேலை என்று இறகு கிடந்த இடமே சொல்லிற்று, ஆனாலும் பூரணம். கம்பு ஒடித்துக் கொடுத்த வீடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன.

ஒருநாள் ஆவுடை வழக்கம்போல வேலியோரம் வந்தாள். வந்தவள் நின்றாள். ஓட்டைக்குள் ஒரு கை நுழைந்திருந்தது. அது வடிவின் கை. வெளியே இழுத்தபோது அதில் ஒரு பிடி புளிச்சக்கீரை.

"என்னட்டி இது?"

"வாய்க்குப் புளிப்பா கேக்குதும்மா. கேட்டேன், குடுத்தாவ."

"எம்புட்டு நாளா?"

"ஓட்டை விழுந்த நாளா."

எந்த ஓட்டையை ஆவுடை தன் கண்ணுக்காகத் திறந்தாளோ, அந்த ஓட்டை வழியாகவே பூரணம் கொடுத்தது மகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது! கீரையைப் பிடுங்கி எறிந்தாள். எறிந்த கையோடு ஊர்த்தலைவர் சடையாண்டியின் வீட்டுக்கு ஓடினாள். "என் பிள்ளை வயித்துல என்னத்தக் குடுத்தாளோ, நீரு இன்னைக்கே வந்து கேக்கணும்" என்று வாசலில் நின்று அழுதாள்.

ஊர் கூடியது. பூரணத்தின் கொல்லைக்குள், அவள் போட்ட சில்லுப் பாதையில் கால் படாமல், ஓரமாக மண்ணில் நடந்து வந்து நின்றார்களாம் அத்தனை பேரும்.

"புதைச்சியா இல்லையா?" என்றார் சடையாண்டி.

"புதைச்சேன் அண்ணாச்சி."

"உள்ள என்ன?"

"தண்ணி."

"தண்ணியை எவளாவது புதைப்பாளா?"

"மேல ஊத்துனா மண்ணு குடிச்சிருது. பானையில ஊத்தி வச்சா கசிஞ்சு கசிஞ்சு வேருக்குப் போகும். எங்க ஊருல..."

"எந்த ஊருல?" என்று கூட்டத்தில் ஒரு குரல். பூரணம் வாயை மூடிக்கொண்டாள்.

"பானையைத் தோண்டி எடுங்கடா" என்றார் சடையாண்டி. ஒருவனும் அசையவில்லை. மண்வெட்டி கைக்குக் கை மாறியது. கடைசியில் அவரே சொன்னார்: "சொன்னவ தோண்டட்டும். உள்ள பொம்மையோ தகடோ இருந்தா, இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இவ ஊரைவிட்டுப் போகணும்."

மண்வெட்டி ஆவுடையிடம் வந்தது. வடிவு வேலியருகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவுடை குனிந்தாள். மண்ணை வெட்டவில்லை, கையால் பறித்தாள். பறிக்கப் பறிக்க என்ன தெரிந்தது? வேர். வெள்ளை வெளேரென்று நூல்நூலாக வேர். தாயின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் போலப் பானையைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. தன் எலுமிச்சங்கன்றைப் பிடுங்கியபோது கையில் வந்த மொட்டைக் குச்சி அவள் நினைவுக்கு வந்தது. அதில் இப்படி ஒரு நூல்கூட இல்லை.

பானையின் கழுத்தில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தாள். அங்கே, ஆணியால் கீறிய ஒரு பிறை.

அவள் பானை! சரியாக வேகாமல் கசிந்தது என்று போன தை மாதம் அவளே குப்பைமேட்டில் எறிந்த பானை.

ஆவுடையின் விரல் அந்தக் கீறலைத் தடவியது. செய்வினை வைக்கிறவர்கள் வைக்கப்படும் வீட்டுப் பொருளைத்தானே எடுப்பார்கள்? முடி, துணி, பானை. இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா? 'இது என் வீட்டுப் பானை' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல் எடுக்க எத்தனை கை காத்திருந்தது! பூரணம் அந்தப் பிறையைப் பார்த்தாள். ஆவுடை பார்ப்பதையும் பார்த்தாள்.

ஆவுடை சிரட்டையை எடுத்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீர் மட்டும்.

"பாத்துக்கோங்க, தண்ணிதான்" என்றாள்.

"மந்திரிச்ச தண்ணியா இருந்தா?" என்றது ஒரு குரல்.

பூரணம் ஓடி வந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"வச்சவளை அது தாக்காதுல்லா" என்றது இன்னொரு குரல்.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். யார் சொன்னது என்று தேடினாளாம். யார் சொன்னால் என்ன? 'இருந்தா' என்பது அவளுடைய வார்த்தை. கிணற்றடியில் அவள் விட்ட வார்த்தை ஊர் சுற்றிவிட்டு அவள் முன்னாலேயே வந்து நின்றது. அதற்கு என்ன பதில் சொன்னாலும், அதற்குப் பின்னால் இன்னோர் 'இருந்தா' வரும் என்று மற்ற யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இடது கையால் பானையின் கழுத்தைப் பிடித்தாள். கட்டைவிரலைப் பிறையின் மேல் வைத்து அழுத்தி மூடினாள். வலது கையால் தண்ணீரை அள்ளி, ஊர் பார்க்க, மகள் பார்க்க, மடக்கு மடக்கென்று குடித்தாள்.

"ஏட்டி ஆவுட!" என்று அலறினார் பிரமநாயகம். அவர் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்ததாம்.

நம்பித்தான் குடித்தாளா? இல்லை என்றுதான் பின்னாளில் அவளே சொன்னாளாம். வேரைப் பார்த்தபோது பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதியோடுதான் குடித்தாள். ஊர் கலைந்து போகவில்லை. அவள் விழுவாள் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தது. விக்கல் எடுத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏப்பம் விட்டால் பின்வாங்கினார்கள். கடைசியில் ஆவுடைக்கே பொறுக்கவில்லை. "பசிக்கு. சோறு திங்கப் போறேன். நீங்களும் போங்க" என்று எழுந்து போனாள். ஆனாலும் அந்த வாரம் முழுவதும், காலையில் எழுந்ததும் கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டாளாம்.

வடிவுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பிள்ளை ஆணா பெண்ணா என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு, அதை விட்டுவிடுவோம். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு ஆவுடை வேலியோரம் வந்தாள். இந்த முறை கண்ணை வைக்கவில்லை, வாயை வைத்தாள்.

"ஏ பூரணம். உச்சி வெயில்ல எதுக்குப் புதைச்ச?"

"காலையில கையில வேலை மயினி. உச்சியிலதான் நீங்க கண்ணசருவியன்னு நினைச்சேன்."

"நான் எங்கட்டி கண்ணசந்தேன்!"

"பிறகுதான் தெரிஞ்சுது. ஓலைக்குள்ள உங்க கண்ணு முழிச்சுக்கிட்டு நிக்குமே."

ஆவுடை ஓட்டையின் ஓரத்து ஓலையை நீவிவிட்டாள். "சரி, சுத்துமுத்தும் ஏன் பாத்த? வாய் ஏன் முணுமுணுத்துச்சு?"

"பாட்டுத்தான். பார்த்தது எதுக்குன்னா, பானையில பிறை இருந்துச்சு. உங்க பானைன்னு தெரியும். எடுத்தேன்னு தெரிஞ்சா திருப்பிக் கேப்பியளோன்னு பயம்."

"கேட்டுத்தான் இருப்பேன்" என்றாள் ஆவுடை. அதுவும் உண்மைதான்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓட்டை வழியாக ஓர் எலுமிச்சங்கன்று வந்தது. இந்தப் பக்கமிருந்து, கசிகிறது என்று மூலையில் போட்டிருந்த இன்னொரு பானை போனது. பாதி வழியில் ஆவுடை கையை நிறுத்தினாள். "இல்ல, பானை இங்கயே இருக்கட்டும். எப்பிடிப் புதைக்கன்னு இந்தப் பக்கம் வந்து காட்டு. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்" என்றாள்.

கருக்குவிளையில் இப்போது ஓலை வேலி இல்லை, செங்கல் சுவர்தான். ஆனாலும் இரண்டு வீட்டுக்கு நடுவே சுவர் எடுக்கிறவர்கள் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓரிடத்தைத் திறந்தே விடுகிறார்கள். அதற்கு ஆவுடைக் கண் என்று பெயர். கீரையும் குழம்பும் வம்பும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. தோட்டத்தில் பானை புதைக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத்தான் புதைக்கிறார்கள். முதல் தண்ணீரை ஊற்றியதும் அவள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடிப்பாள். குடிக்கும்போது இடது கைக் கட்டைவிரலைப் பானையின் கழுத்தில் அழுத்தி வைத்துக்கொள்வாள்.

விரலை ஏன் அங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டால், "அப்படித்தான் வைக்கணும்" என்பார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. கதை கேட்ட உங்களுக்குத் தெரியும்.