அம்மாட நெத்தி

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, அதுக்குப் பேர் வீடா? முத்தத்தில அஞ்சு மாட்டுவண்டி. முகங்கழுவப் போனா கிணத்தடியில சனம். என்ட கட்டில்ல ஆரோ ஒரு மனிசன் படுத்திரிக்கான். ஆர் நீ எண்டா, "சத்தம் போடாத தம்பி, அம்மாவப் பாக்க வந்த" எண்டுறான். என்ட கட்டில் அண்ணே! அதான் ரெண்டு நாள் புளியந்தீவில கூட்டாளி வீட்டில ஒளிச்சிருந்திற்று இப்ப திரும்பிப் போறன்.

எந்த அம்மாவா? சாமியில்லண்ணே, எங்களப் பெத்த அம்மா. பேர் கண்ணகை. வைகாசியில கண்ண மூடி மோசம் போயிற்றா.

தோணி அக்கரைக்குப் போக நேரமிரிக்கு, சொல்றன் கேளுங்க. நான் இராசதுரை, நாடக மேடைக்குத் திரைச்சீலையில படம் எழுதிறவன். மதராசுக்குச் சித்திரம் படிக்கப் போய், சாமி இல்லையெண்டு படிச்சிற்று வந்தவன் எண்டு ஊரில சொல்லுவாங்க. ரெண்டும் உண்மைதான். அம்மாட படம் ஒண்டுமே இல்ல. போட்டோக்காரனக் கண்டா ஒளிச்சிருவா. அக்கா சீதேவிப்பிள்ளை அழுதா, "தம்பி, நீயாவது எழுதித் தாடா" எண்டு. ஒரு மாசமா இருந்து எழுதினன். மூக்குத்தி, வெத்திலச் சிவப்பு, எல்லாம் அப்பிடியே. அக்கா பாத்திற்று என்ன கேட்டா தெரியுமா? "இது ஆரடா?" எண்டு! நெத்தியில திருநீறு இல்லையாம். நான் நம்பாதத எழுதமாட்டன் எண்டன். "படம் உனக்கா, அம்மாக்கா?" எண்டிற்று, மூண்டு நாளாக் கதையில்ல. சோறு மட்டும் வரும். அதிலயும் உப்பில்ல!

மறுகா வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயிற்று வந்து பாக்கிறா... படத்தில மூண்டு குறி திருநீறு! போட்டாவே ஒரு சத்தம், உங்கட கரைக்கும் கேட்டிரிக்கும்! "அம்மா வந்திற்றா! தானே பூசிற்றா!" அண்டைக்கு வரத் தொடங்கின சனம், இன்னும் போகல்ல.

ஆர் பூசினதா? அத ஏன் கேக்கிறிங்க... ம்... நாந்தான்.

சிரிக்காதிங்கண்ணே! சாமிக்கெண்டா பூசுவனா? மதராசால வந்து இறங்கின அண்டு, அம்மா எனக்குப் பூச வாசல்ல திருநீற்றோட நிண்டா. நான் தலைய இழுத்திற்றன். சட்டையெல்லாம் கொட்டிச்சு. கோவிக்கல்லயே மனிசி! "சரி விடு, உன்ட சட்டைக்காவது பத்தி வரட்டும்" எண்டு சிரிச்சா. அந்தச் சிரிப்பத்தான் எழுத வெளிக்கிட்டன். வெறும் நெத்திக்குக் கீழ அது வரவே இல்லண்ணே. அழிச்சு அழிச்சு எழுதிப் பாத்தன். அக்கா கோயிலுக்குப் போன நேரம், சரி பாப்பமே எண்டு வெள்ள எண்ணெய்ச் சாயத்தால மூண்டு கோடு இழுத்தன்... சிரிக்கிறா அண்ணே. அதே சிரிப்பு.

ஒளிக்கல்ல, அக்காட்டச் சொன்னன். "நாந்தான் அக்கா பூசின" எண்டு. அவ என்ன செஞ்சா? சனத்துக்கு முன்னால என்ட கையத் தூக்கிப் புடிச்சு, "பாருங்க, சாமி இல்லையெண்டவன்ட கையாலேயே அம்மா பூச வெச்சிரிக்கா!" எண்டுறா. அதுக்குப் புறகுதான் வண்டி ரெண்டு கூடினது!

அதென்ன பையில... தேங்காயா? பழமும்... அட, நீங்களும் அங்கதானா? ஒண்டும் தெரியாத மாதிரியே இவ்வளவு நேரமும் கேட்டிங்களே!

சரி, வாங்க. சண்ட பிடிக்க எனக்கும் ஏலாது. ஒண்டு மட்டும், படத்தத் தொட்டுக் கும்பிடாதிங்க அண்ணே. நெத்தி இன்னும் காயல்ல.