ஏழாம் தொட்டி பச்சை

என் மேசையில் ஒரு துளித் தூசு இருக்காது ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா மூட்டை தூக்கினார்; தோள் காய்த்துப்போயிருந்தது. நான் உட்கார்ந்து பிழைத்தவன். எனக்கு எங்கே காய்த்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆலையில் கழிவுத் தொட்டிகளைக் கழுவ ஆட்கள் இறங்குவார்கள். உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று கருவி அளக்கும். அந்த அளவை வாங்கித் திரையில் பச்சையோ சிவப்போ காட்டுவது என் புரோகிராம். ஒரு கணினி மொழியின் பதினாறு வருடத்துக்கு முந்தைய வெர்ஷனில் எழுதியது. அந்த வெர்ஷனைச் செய்தவர்களே அதைக் கைகழுவி ஏழு வருடமாகிறது. தினமும் காலையில் 'காலாவதி' என்று ஓர் எச்சரிக்கை வரும். கண்ணை உறுத்தியது. ஒரே வரியில் அதை மறைத்தேன்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் 'புதுசு' என்போம். அவள் விடவில்லை.

"அண்ணே, புது வெர்ஷனுக்கு மாத்திரலாம்ணே. ரெண்டு மாசம் போதும்."

"ஓடிக்கிட்டுதானே இருக்கு? எதுக்கும்மா நோண்டுற?"

புதியதைப் படிக்க எனக்குப் பயம். மாற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம். அப்புறம் எனக்கெதற்கு நாற்காலி? சோம்பலுக்கு அனுபவம் என்று பெயர் வைத்து, அதற்கு மரியாதையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கருவிகளை மாற்றினார்கள். புதுக் கருவிகள் என் பழைய வெர்ஷனோடு பேச மறுத்தன. புரோகிராம் அடிக்கடி நின்றது. தொட்டி மேஸ்திரி போனில் கத்தினார். நான் நான்கு வரி சேர்த்தேன்: கருவி பதில் சொல்லாவிட்டால், கடைசியாக வந்த அளவையே காட்டு. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

புதுசு எட்டிப் பார்த்தாள். "இது பொய்யில்லையாண்ணே?"

"தற்காலிகம்மா."

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி கேட்டார்: "சார், ஏழாம் தொட்டி பச்சையா?"

"பச்சைதான் மேஸ்திரி. இறங்கச் சொல்லுங்க."

முதலில் ஒருவர் இறங்கினார். சத்தமில்லை. அவரைத் தூக்க இன்னொருவர். இருவரையும் தூக்க என் தங்கை புருஷன். அங்கே அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. கோபம் தணிந்ததும் பேசுவாள்.

தெரிந்தே சொன்னாயா என்கிறீர்கள். தெரியும் ஐயா. அந்தப் பச்சைக்குப் பத்தொன்பது நாள் வயது. சிவப்பு என்றால் கருவியை ஏன் என்று கேட்பார்கள், பிறகு என்னைக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று. அந்த நான்கு வரிக்குப் பிறகு என் புரோகிராம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூன்று உடல்களையும் கயிறு கட்டி மேலே தூக்கியபோதும் பச்சைதான் காட்டிக்கொண்டிருந்தது.