வெறும் அழுத்தம்

டீக்கு நன்றி, சார். கொஞ்சம் ஆறட்டும். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஒரு மாதமாகப் படுத்துகிறது. சூடு பட்டால் வலி உச்சந்தலை வரை ஏறும். பல் டாக்டருக்கே பல்வலியா என்று உங்கள் ஏட்டு சிரித்தார். சிரிக்கட்டும்.

பூங்கொடியின் புகாரைப் படித்துக் காட்டினீர்கள். மரத்துப்போகிற ஊசி போட்டே அவள் அப்பா அப்பாசாமியைக் கொன்றுவிட்டேனாம். இதய நோயாளி என்று தெரிந்தும் அளவு பார்க்காமல் மருந்தை ஏற்றினேனாம். திருக்கழுக்குன்றத்தில் இத்தனை காலம் கிளினிக் நடத்தியவன் நான். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் வக்கீல் வருவதற்கு முன்பே பேசுகிறேன்.

தொண்ணூற்றாறில் கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பிரபாவதி என்று ஒரு அம்மா வந்தார். வெளியே கூட்டம். ஊசியைக் குத்தியதும், மருந்தைத் தள்ளுவதற்கு முன்பு, சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் வந்தால் முனை ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அன்று நான் இழுத்துப் பார்க்கவில்லை.

"காதுக்குள்ள என்னமோ இரையுது டாக்டர்" என்றார். அடுத்த நிமிடம் கண் செருகி, கைகால் இழுத்துக்கொண்டு, நாற்காலியே ஆடியது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்து அடுத்த வாரம் சாத்துக்குடி வாங்கிவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தாலும் ஊசியைச் செருகாமல் திரும்ப வைத்துவிடுவேன். வருகிற ஒவ்வொரு முகத்திலும் அந்தச் செருகிய கண்தான் தெரியும். பின்னுக்கு இழுத்துப் பார்த்தால் போதும் என்பது தெரியாமலா? இழுத்து, ரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஆகவே யாருக்கும் ஆபத்தில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். காலி பாட்டிலில் சலைனை நிரப்பிக்கொண்டேன். வெறும் உப்புத் தண்ணீர். அது யாரையும் கொல்லாது.

ஊசியைக் குத்திவிட்டு, "மரத்துடுச்சா?" என்று கேட்பேன். டாக்டரே கேட்கிறாரே என்று, "மரத்த மாரிதான் கீது" என்பார்கள். பல்லை அசைக்கும்போது துடித்தால், "இது வலி இல்லை, வெறும் அழுத்தம்" என்பேன். பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. குழந்தைகளுக்குத்தான் அந்த வித்தியாசம் புரியவில்லை. உதவிக்கு இருந்த கன்னியம்மா அவர்கள் காலை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னா டாக்டர், எல்லாருக்கும் இப்டி நோவுதே, மருந்து பழசா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். இப்போது வருகிற மருந்தே இப்படித்தான் என்றேன். ஏழு வருடம், சார். ஒருவருக்கும் இழுப்பு வரவில்லை.

அப்பாசாமி இரண்டு முறை கிளினிக் வாசல் வரை வந்து, பயந்து திரும்பிப் போனவர். மூன்றாம் முறை பூங்கொடி கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "நைனாவுக்கு ஹார்ட்டு வீக்கு டாக்டர். நோவாம பாத்து எடுங்க" என்றாள். நோகாது என்று வாக்குக் கொடுத்தேன். இதய நோயாளிக்குத்தான் வலியே தெரியக்கூடாது. வலியும் பயமும் சேர்ந்தால் உடம்பு தானாகவே சுரப்பது எந்த ஊசியையும்விட மோசமானது. இது எனக்கு நன்றாகத் தெரியும். சீல் உடைக்காத நல்ல மருந்தும் அன்று அலமாரியில் இருந்தது. கை அதன் பக்கம் போயிற்று. பிரபாவதியின் கண் ஞாபகம் வந்தது. கை திரும்பிவிட்டது.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன். பல்லை அசைத்ததுமே தூக்கினார். இடுக்கியை வெளியே எடுத்தேன். "உயிரு போவுது டாக்டர். நெஞ்சாண்ட இன்னாவோ பண்ணுது" என்றார்.

"வெறும் அழுத்தம்தான் அப்பாசாமி" என்றேன்.

மறுபடி தூக்கினார். கன்னியம்மா கையை இறக்கிப் பிடித்தாள். இன்னொரு முறையும் தூக்கப் பார்த்தார். பிறகு கை எழவில்லை. பல் சுலபமாக வந்துவிட்டது. மரத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

செங்கல்பட்டிலிருந்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரும். அவர் உடம்பில் அந்த மருந்து ஒரு சொட்டுகூட இருக்காது. பூங்கொடியிடம் சொல்லுங்கள், ஊசி அவரைக் கொல்லவில்லை. ஊசியில் எதுவுமே இல்லை. மருந்திலிருந்து அவரை நான் காப்பாற்றினேன்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். ரிமாண்டுக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் காட்டுவீர்கள் அல்லவா, இந்தப் பல்லை அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். குத்தியதும் ஒரு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்க்கட்டும். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பாட்டில் புதிதாக இருக்க வேண்டும். சீலை என் கண்ணெதிரே உடைக்க வேண்டும். எனக்கு வலி தாங்காது, சார்.